மிதியில் இருந்த கட்டை

ஒரு பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொள்ளும் கதைகளை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கதையில் ஒரே ஒரு குற்றம். அது தன்னுடையது என்று மூன்று பேர் கை நீட்டினார்கள். அதில் ஒரு கை என்னுடையது. ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடேயே கேளுங்கள். தப்பாக நினைக்கமாட்டேன்.

என் பெயர் தனபால். சிங்காநல்லூரில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். தகரமும் இன்ஜினும் என் பொறுப்பு, பெயின்ட் மரியதாஸ் பொறுப்பு. பதினேழு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிறோம். எங்களுக்குள் வந்த சண்டை எல்லாம் ரேடியோவில் எந்தப் பாட்டு வைப்பது என்பதோடு சரி.

போன வருஷம் வத்சலா அம்மா தன் அப்பாவின் மாரிஸ் காரைக் கொண்டுவந்தார். அப்பா டாக்டர். அவர் இறந்ததிலிருந்து இருபது வருஷமாக வண்டி ஷெட்டிலேயே கிடந்தது.

"பழைய கார் கண்காட்சியில வெக்கணுங்க. கம்பெனியில இருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும். அப்புறமா மாட்டுன எதுவும் இருக்கக் கூடாது" என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை. அந்தக் கண்காட்சியில் நடுவர்கள் ஒரு ஸ்க்ரூ மாறியிருந்தாலும் மார்க்கைக் குறைப்பார்கள். முதல் பரிசு வண்டியைச் செய்த பட்டறை என்று பெயரெடுக்க எனக்கும் ஆசை. ஆசை என்று சொல்வது கூடக் குறைவுதான்.

பிரித்துப் பார்த்தபோது ஆக்சிலரேட்டரிலும் பிரேக்கிலும் மிதியின் மேல் தலா ஒரு தேக்குக் கட்டை போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. இரண்டு விரற்கடை உயரம் இருக்கும். மேலே டயர் ரப்பர் ஒட்டி, அதில் பெருவிரல் பதிந்து பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. யாருக்கோ வலது கால் குட்டை என்று கையில் எடுத்ததுமே புரிந்தது. வத்சலா அம்மாவுக்குப் போன் செய்து கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டு, 'அது இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டால் மார்க் போய்விடும். கேட்கவில்லை. இரண்டையும் கழற்றிப் பழைய சாமான் டப்பாவில் போட்டேன்.

ஏழு மாதத்தில் வண்டி தயாரானது. எடுத்துப்போக வந்த வத்சலா அம்மா ஒரு பெரியவரையும் கூட்டி வந்தார்.

"இவருதான் அப்பாவோட டிரைவரு, ஆறுச்சாமி. நான் சின்னப் பிள்ளையில எப்பவும் பின் சீட்டுல தூங்கிட்டே போவேன், இவர் ஓட்டுவாரு. இன்னைக்கும் முதல்ல இவருதான் ஓட்டணும்."

ஆறுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கதவை நான்தான் திறந்துவிட்டேன். அவர் உட்கார்ந்ததும் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். மரியதாஸ் தன் பெயின்டை வெயிலில் போட்டோ எடுக்க வேண்டும் என்று செல்போனோடு கேட் தூண் பக்கம் போய் நின்றார்.

பெரியவர் சீட்டின் நுனிக்கு நகர்ந்தார். வண்டி மெதுவாகக் கிளம்பியது. பட்டறை வாசலில் ஒரு சரிவு உண்டு. அதில் இறங்கும்போது அவர் கால் பிரேக்கைத் தேடியது, எட்டவில்லை. வண்டி மரியதாஸைத் தூணோடு சேர்த்து அழுத்தி நின்றது. இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அந்தக் கால் இனி மடங்காது என்றார்கள். குந்தி உட்கார்ந்து வேலை செய்கிற மனுஷனுக்கு அது என்ன சேதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலைச் சுற்றி நாங்கள் மூவரும் நின்றோம்.

"எல்லாத்தையும் கழட்டச் சொன்னது நாந்தாங்க. பெரியவரக் கூட்டிட்டு வந்ததும் நாந்தான். மிதியில கட்டை இருந்ததே எனக்குத் தெரியாது" என்று அழுதார் வத்சலா அம்மா.

"உக்காந்ததுமே கால் எட்டலீன்னு தெரிஞ்சு போச்சு சாமி. அத்தன பேரு கை தட்டுறாங்க, எறங்க வெக்கமாப் போச்சு" என்றார் ஆறுச்சாமி.

"கட்டையக் கழட்டுனது நான்தான் மரியா. எதுக்கு இருக்குன்னு தெரியாமக் கழட்டிட்டேன்" என்றேன் நான்.

மரியதாஸ் தலையணையில் சாய்ந்தபடியே சொன்னார்.

"மூணு பேரு மேலயும் கோவப்பட எனக்குத் தெம்பு இல்லீங்க. ஒருத்தர் மேல படறேன். மத்த ரெண்டு பேரும் மனசுல வெச்சுக்காம வீட்டுக்குப் போங்க."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சொன்ன அம்மாவா, ஓட்டிய பெரியவரா, கழற்றிய நானா? மரியதாஸின் கோபம் யார் மேல் விழுவது நியாயம்?

விடை இதுதான். மரியதாஸ் ஆறுச்சாமியைத் தேர்ந்தெடுத்தார். தெரியாமல் செய்தவர்கள் இரண்டு பேர், தெரிந்தே செய்தவர் ஒருவர் என்பது அவர் கணக்கு. அவர் காதில் விழுந்த மட்டில் அது சரியான தீர்ப்பு. உங்கள் காதில் இன்னும் கொஞ்சம் விழுந்திருக்கிறது. 'தெரியாமக் கழட்டிட்டேன்' என்று நான் சொன்னது பொய். பெரியவர் சாய்ந்து நடந்து வந்தபோதே இது அந்தக் கால்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு வெட்கத்தை விழுங்கி இறங்க ஒரு நொடிதான் கிடைத்தது. எனக்கு அவர் கேட்டிலிருந்து கார்வரை நடந்த நேரம் முழுக்க இருந்தது. சொன்னால் கட்டையை மறுபடி மாட்ட வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்தேன். குற்றம் என்னுடையது. ஞாயிறுதோறும் ஆறுச்சாமி ஒரு பை சாத்துக்குடியோடு மரியதாஸ் வீட்டுக்கு வந்து வெளியே நிற்கிறார். மரியதாஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். உள்ளே அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் நான் எழுந்து போய், "தூங்கறாருங்க" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொள்கிறேன்.