சில்வர் ஓக் கிதார்

சீடர் சவரிமுத்துவுக்கு வயது அறுபத்தொன்று. அவருக்குக் கிதார் செய்யக் கற்றுக்கொடுத்த எஸ்தர் முப்பது வயது இளையவள். குன்னூரில் அவளுடைய பட்டறைக்குள் அவர் அன்று உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அலைந்தார். தோட்டத் தொழிலாளர் சங்க ஊர்வலம் நடத்திப் போன ஜெயிலில்கூட அப்படி அலைந்ததில்லை.

நாளை மறுநாள் மே தினம். தேயிலைக்கு நிழலாக நட்டு, முற்றியதும் வெட்டிப் பெட்டிக்கும் அடுப்புக்கும் அனுப்புகிற சில்வர் ஓக் மரத்தில் அவரே ஒரு கிதார் செய்திருந்தார். "நிழல் தந்த மரம் நம் மேடையில் பாடும்" என்று நோட்டீஸ் அடித்து, எஸ்டேட் எஸ்டேட்டாக ஒட்டியும் ஆயிற்று. "விறகு பாடுமா?" என்று சிரித்த மேனேஜர் கையிலும் ஒன்றைத் திணித்துவிட்டு வந்திருந்தார்.

கிதாரோ பாடவில்லை. தந்தியை மீட்டினால், கம்பளிக்குள்ளிருந்து பேசும் காய்ச்சல்காரனைப்போல் முனகியது.

"மரந்தான் சரியில்லையோ, டீச்சர்?"

"போன வாரம்வரைக்கும் ஈட்டி, தேக்கு எல்லாம் முதலாளி மரம்னு திட்டினீங்களே?"

"கிண்டலுக்கு இதுவா நேரம்? மானம் போகுது."

எஸ்தர் டார்ச்சையும் கைக்கண்ணாடியையும் நீட்டினாள். "வயித்துக்குள்ள பாருங்க."

கிதாரின் துளை வழியாகப் பார்த்தார். மேல்பலகை உடையாமலிருக்க அதன் அடியில் அவர் ஒட்டிய சட்டங்கள், கட்டைவிரல் பருமனில் நெருக்கியடித்துக் கிடந்தன.

"நான் சொன்ன அளவா இது?"

"இல்ல. அதுக்கு ரெண்டு மடங்கு."

"தேக்கு மரமா இருந்தா?"

"நீங்க சொன்ன அளவுதான் வச்சிருப்பேன்."

"இதுக்கு மட்டும் ஏன்?"

"மட்ட மரம்மா. இதைப் போய் எப்படி நம்பி..."

சவரிமுத்து பாதியில் நிறுத்தினார். எதிர்ச்சுவரில் அவருடைய நோட்டீஸ்தான் ஒட்டியிருந்தது.

எஸ்தர் விரல் நீளமே இருந்த இழைப்புளி ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "துளைக்குள்ள கையை விட்டு, சட்டத்தையெல்லாம் பாதியா இழைங்க. பலகை அதிர்ந்தாத்தான் பாடும்."

அவர் இழைப்புளியை அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் மாற்றினார்.

"தந்தி இழுக்கிற இழுப்புல மேடையிலேயே பொளந்துக்கிட்டா? அத்தனை சனத்துக்கு முன்னால?"

"பொளக்கலாம்."

"அப்ப ஒரு கேரண்டியும் இல்லையா?"

அவருடைய நெற்றியில் போலீஸ் தடி விட்டுப்போன தழும்பை எஸ்தர் பார்த்தாள்.

"ஊர்வலத்துக்கு ஆள் கூப்பிட்டப்போ நீங்க என்ன கேரண்டி குடுத்தீங்க, தோழர்?"