குளிர்கோடு தேடிய ஆலா

நடுக்கடலில் ஒரு மணல்திட்டு. அதில் ஆலாப் பறவைகள் கூட்டமாக வாழ்ந்தன. சூடான நீரும் குளிர்ந்த நீரும் முட்டிக்கொள்ளும் கோட்டில்தான் மீன் மொய்க்கும் என்பது அவற்றுக்குத் தெரியும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பருவத் தொடக்கத்தில் மூப்பர் அந்தக் கோட்டை எங்கே கண்டு சொல்கிறாரோ அதுதான் 'சொன்ன இடம்'. பருவம் முடியும்வரை வேறெங்கும் இரை தேடக்கூடாது. மீறினால் கூடு பறிபோகும்.

இந்த வருடம் மூப்பர் கிழக்கே இருக்கும் மூன்றாம் பாறையைச் சொன்னார். பத்து நாள் மீன் கொட்டியது. பிறகு ஓரிரு பொடிமீனைத் தவிர ஒன்றுமில்லை. பேச்சி என்ற ஆலாவின் இரண்டு குஞ்சுகளும் கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. பேச்சி மூப்பரிடம் போனாள்.

"மூப்பரே, கோடு நகர்ந்திருக்கும். தேடிப் பாக்கணும்."

"கோடு என்ன நண்டா, நகர்றதுக்கு? இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு மீன் வரும்."

"நாளைக்கு என் பிள்ளைங்க இருக்கணுமே!"

மூப்பர் இறகைக் கோதத் தொடங்கினார். யாராவது மடக்கினால் அவருக்கு இறகு அழுக்காகிவிடும்.

இரை தேடத்தானே கூடாது, காலை நனைக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே! பேச்சி கிழக்கே நேராகப் பறந்தாள். நூறு சிறகடிக்கு ஒருமுறை காலை நீரில் நனைத்தாள். முதல் நாள் உச்சிவெயில். எல்லா நீரும் சூடாகவே பட்டது. ஏமாந்து திரும்பும்போதுதான் அவளுக்குப் புத்தியில் உறைத்தது. நீர் சூடா, குளிரா என்று பார்த்தால் போதாது. முன்பு நனைத்ததற்கும் இப்போது நனைத்ததற்கும் இடையே எங்கே சட்டென்று மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

மறுநாளிலிருந்து அப்படியே பார்த்தாள். கோடு தென்பட்ட தூரத்துக்கு ஏற்றபடி, கூட்டிலிருந்து கிட்டேயோ தள்ளியோ மணலில் நாளுக்கு ஒரு சிப்பியைப் போட்டாள். ஆறு நாளில் ஆறு சிப்பி.

பக்கத்துக் கூட்டுச் செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். "என்ன மைனி, ஒண்ணு இங்க கெடக்கு, ஒண்ணு அங்க கெடக்கு? உங்க கோடு கள்ளு குடிச்சிருக்கா?"

பேச்சி சிரிக்கவில்லை. சிப்பிகளையே பார்த்தாள். கிழக்கிலிருந்து கொண்டல்காற்று வீசிய நாட்களில் கோடு கிட்டே இருந்தது. மேற்கிலிருந்து கச்சான்காற்று வீசிய நாட்களில் தூரப் போயிருந்தது.

அன்று காலை கொண்டல் வீசியது. பேச்சி கூட்டத்தின் முன்னால் போய் நின்றாள்.

"பாறைக்குப் பாதி தூரத்திலயே கோடு இருக்கு. இன்னிக்கு நான் இரை தேடப் போறேன். மீன் இல்லேன்னா என் கூட்டை எடுத்துக்கிடுங்க."

அவள் கிளம்பினாள். நனைத்தாள், வெதுவெதுப்பு. நனைத்தாள், வெதுவெதுப்பு. மூன்றாவது முறை குளிர் காலைக் கடித்தது! கீழே நீளமாக நுரை, பாசி, அதனடியில் கொத்துக் கொத்தாக மீன். அவள் போட்ட கூச்சலில் கூட்டமே பறந்து வந்தது. குஞ்சுகள் தொண்டை முட்டத் தின்றன. மூப்பரும் வயிறு நிறையத் தின்றார்.

"இனிமே இதுதான் சொன்ன இடம்," என்று மூப்பர் சாயங்காலம் அறிவித்தார். "பேச்சி சொன்ன இடம்!"

பேச்சி தலையாட்டி மறுத்தாள். "வேணாம் மூப்பரே. காத்து கச்சானா மாறிட்டுது. நாளைக்குக் கோடு அங்க நிக்காது. நனைச்சுத்தான் பாக்கணும்."

மூப்பர் தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார், "எத்தனை சிறகடிக்கு ஒருக்க நனைக்கணும்?"

மாறிக்கொண்டே இருப்பதை ஒருமுறை கண்டுவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. நாள்தோறும் சோதித்துப் பார்ப்பவரே பிழைத்துக்கொள்வார்.