செங்கோலில் அமர்ந்த தும்பி

முன்னொரு காலத்தில், அயல்வேந்தர் எவருக்கும் கப்பம் கட்டாத மன்னர் ஒருவர், கொசுக்களுக்கு மட்டும் இரவுதோறும் குருதிக் கப்பம் கட்டிவந்தார். ஒருநாள் தடித்த முகத்தோடு அவைக்கு வந்தவர், “இதற்கு இன்றே ஒரு வழி சொல்லுங்கள்!” என்று கர்ச்சித்தார்.

“அரண்மனைக் குளத்தைத் தூர்த்துவிடலாம், பிரபு” என்றார் பிரதானி அனந்தகோபர். அங்கே தமக்கொரு மாளிகை எழுப்ப அவர் நெடுநாளாகக் கண்வைத்திருந்தார்.

விகடகவி பூவணனால் இதைப் பொறுக்க முடியவில்லை. அந்தக் குளத்துத் தும்பிகளை வியந்து பார்க்காமல் அவனுக்குப் பொழுது சாயாது. வாலால் நீரைத் தொட்டுத்தொட்டு முட்டையிடும் தாய். நீருக்கடியில் கொசுப்புழுவைத் தின்று வளரும் குஞ்சு. அது கோரைத்தண்டில் ஏறி, முதுகு வெடித்து, பழந்தோலைக் கழற்றிவிட்டுச் சிறகோடு புறப்படும் விந்தை! இவற்றைக் காணாமல், தும்பியின் வாலில் நூல்கட்டிக் கல் தூக்கச்செய்யும் மூடர்களை என்னென்பது?

“அரசே, கொசுவுக்கு ஒரு சிரட்டை நீர் போதும், அதைத் தின்னும் தும்பிக்குக் குளம் வேண்டும். தூர்த்தால் கொசு இருக்கும், காவலர் போய்விடுவர்” என்றான்.

“ஓகோ!” என்று நகைத்தார் பிரதானி. “அந்தக் காவலர் நாளை அவைக்கு வரட்டுமே! பிடிக்கலாகாது, கட்டலாகாது. தாமே வரவேண்டும், போனால் தாமே திரும்பவேண்டும். இல்லையேல் குளத்தோடு இந்த வாயாடியும் ஒழியட்டும்!”

மன்னருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. “அவ்வாறே ஆகுக!” என்றார்.

மறுநாள் மாலை பூவணன் வெறுங்கையோடு வந்தான்.

“எங்கே ஐயா உம் காவலர்?”

“வருவார், பிரதானியாரே. அரசே, செங்கோலைச் சற்றே தந்தருள வேண்டும்.”

செங்கோல் எங்கே நாட்டப்படுகிறதோ அங்கேதான் அவை என்பது அந்நாட்டு வழக்கம். வாங்கிய கோலைப் பூவணன் குளக்கரையில் கொண்டுபோய் நாட்டினான். “அவை கூடிற்று. அமருங்கள்!” மன்னரே சிரித்தபடி புல்லில் அமர்ந்தார், பிரதானியின் பட்டாடை சேற்றில் அமர்ந்தது.

எங்கிருந்தோ ஒரு செந்தும்பி வந்தது. அந்தரத்தில் அசையாமல் நின்று, பின்னோக்கிப் பறந்து, செங்கோல் நுனியில் இறங்கியது.

“செங்கோலின்மேல் உட்காருவதா? ராஜத்துரோகம்!” என்று அலறினார் பிரதானி. அவர் காதருகே கொசு ஒன்று ரீங்கரித்தது. தும்பி பாய்ந்தது, ஆறு கால்களையும் கூடையாக்கிக் கொசுவை அள்ளியது, மீண்டும் அதே நுனிக்கு வந்து அமர்ந்து தின்றது.

“ஊதியம் வாங்காதவருக்கு இருக்கையாவது தரலாகாதா, அரசே?” என்றான் பூவணன்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் இட்டு, குளத்தையும் அவனுக்கே மானியமாக்கினார். பிறகு திரும்பி, “அனந்தகோபரே, காவலர் அனைவருக்கும் இருக்கை வேண்டும். கரையெங்கும் கோல் நடுவது உம் பொறுப்பு” என்றார்.

மறுநாள் முதல், கோலுக்கொரு தும்பி அமர்ந்திருந்தது. பிரதானி மட்டும் நின்றுகொண்டிருந்தார்.