கரும்பச்சை இலைகள்

கோத்தகிரியில் பிரமிளாவின் வீட்டுக்குச் சனிக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் வருவார்கள். வீட்டுக்குள் ஆர்க்கிட் வளர்ப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள். பிரமிளாவுக்கு முப்பத்து நான்கு வயது. அவளிடம் படிப்பவர்களில் மூத்தவர் திருஞானம். அறுபத்தெட்டு. அணை கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்; அதில் அவருக்குக் கூச்சம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், என் செடி பூத்து ரெண்டு வருஷமாச்சு. தண்ணி, உரம் எல்லாம் நீங்க சொன்னபடிதான். இலையைப் பாருங்க, எவ்வளவு செழிப்பு!"

போனில் படத்தைக் காட்டினார். இலைகள் கறுப்பு என்று சொல்லும் அளவுக்கு அடர்ந்த பச்சை.

"செடி எங்க இருக்கு சார்?"

"உள்ரூம்ல. என் மனைவி படுத்திருக்கிற இடத்துலேர்ந்து பார்க்கிற மாதிரி. அவளோட செடி அது."

"நாளைக்கு வர்றேன்" என்றாள் பிரமிளா.

திருஞானத்தின் மனைவி சௌந்தரவல்லிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. டாக்டர் ஒரு மாதம் முழு ஓய்வு என்றார். கையும் காலும் மெல்லத் திரும்பின, பேச்சும் வந்தது. ஆனால் திருஞானம் அந்த ஒரு மாதத்தை முடிக்கவே இல்லை. சாப்பாடு கட்டிலுக்கு வரும். குளிர்காற்று படாமல் ஜன்னலை அடைத்துக் கெட்டித் திரை போட்டிருந்தார். இன்னொரு முறை அவள் விழுந்தால் தன்னால் தாங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் பிரமிளா அந்த உள்ளறைக்குள் வந்து கட்டிலருகே நின்றாள்.

"அக்கா, இது கடைசியா என்ன கலர்ல பூத்துச்சு?"

"வெள்ளை" என்றார் திருஞானம். "நடுவுல மஞ்சள்."

"தூக்கமெல்லாம் நல்லா வருதாக்கா?"

"நல்லாத் தூங்குறா."

பிரமிளா அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு செடிக்கு ஒரு முழம் மேலே கையை நீட்டினாள்.

"என் கை நிழல் இலையில விழுதா சார்?"

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். "இல்லையே."

"அவ்வளவுதான் இங்க வெளிச்சம்."

"ஆனா இலை இவ்வளவு பச்சையா இருக்கே! ஆரோக்கியம் இல்லாமலா?"

"அது பசி சார். வர்ற கொஞ்ச வெளிச்சத்தையும் விட்டுடக் கூடாதுன்னு இப்படிக் கறுத்திருக்கு. பூக்கிற செடியோட இலை கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும்."

தொட்டியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அங்கே கிழக்கு ஜன்னல். மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ஜன்னலோரம் தொட்டியை வைத்து மறுபடி கையை நீட்டினாள். இலைமேல் மங்கலாக ஒரு நிழல் விழுந்தது. விரல் எது, இடைவெளி எது என்று தெரியாத நிழல்.

"இது போதும். நிழல் கத்தரிச்ச மாதிரி தெரிஞ்சா வெயில் அதிகம், இலை கருகிடும்."

அப்போது உள்ளேயிருந்து சௌந்தரவல்லியின் குரல் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"செடி போற இடத்துக்கு... என்னையும் கொண்டு போங்க."

"உனக்குக் குளிர் ஆகாது, சௌந்தரம்."

"செடிக்கு ஆகுமா?"

திருஞானம் உள்ளே போனார். கைத்தாங்கலாக அழைத்து வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தார். காய்கறி வேன் ஒன்று மேட்டில் ஏறிப் போயிற்று. அது வளைவில் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று வாரம் கழித்து அவர் பதறிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இலை வெளுக்குது!"

"வெளுக்கட்டும் சார்."

சரி, வெளிச்சம்தானே வேண்டும், சீக்கிரம் பூக்கட்டும் என்று அடுத்த மாதம் நடுப்பகலில் செடியை முற்றத்து வெயிலில் வைத்தார். இரண்டே மணி நேரம். மேலிலையில் ரூபாய்க்காசு அகலத்துக்கு வெந்துபோன புண். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிரமிளா முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தழும்பு இனிமே போகாது" என்றாள் அவள். "ஆனா செடிக்கு ஒண்ணும் ஆகாது. முன்னறை ஜன்னலுக்கே கொண்டு போங்க."

மார்கழிக் குளிரில் இலைகளின் இடுக்கிலிருந்து பூத்தண்டு ஒன்று முளைத்தது. முதலில் கண்டது சௌந்தரவல்லிதான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் எழுந்து நின்று, கிட்டே போய்ப் பார்த்தாள். சமையலறை வாசலிலிருந்து திருஞானம் அதைப் பார்த்தார். கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. அவள் விழவில்லை.

தண்டில் ஆறு மொட்டுகள் பிடித்த வாரம், அவர் வகுப்புக்கு முக்கால் மணி நேரம் முன்பாகவே வந்து நின்றார். பிரமிளா ஈரத்துணியால் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு மொட்டு டீச்சர்."

"சந்தோஷம் சார்."

அவர் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னும் ஏதாவது இருக்கா?"

"சௌந்தரம் வெளியே நடக்கணும்கிறா. கேட் வரைக்கும் இல்ல, சந்தை வரைக்கும். கம்பு ஊன்றிக்கிட்டுத் தனியாவே போவாளாம். ஒரு வாரமா இதே பேச்சு. நான் பதிலே சொல்லாம இருக்கேன்."

"ம்."

"இருட்டுல வெச்சதும் தப்பு, வெயில்ல வெச்சதும் தப்புன்னு எனக்கு இப்ப புரியுது. செடிக்குச் சொன்ன மாதிரி இதுக்கும் ஒரு அளவு சொல்லுங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் விடலாம்? எத்தனை நிமிஷம்?"

சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்துகொண்டார்.

பிரமிளா கையிலிருந்த இலையைத் துடைத்து முடித்தாள். துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"செடிக்கு வாய் கிடையாது சார். அதனாலதான் நாம அளந்து பார்க்கிறோம். அக்காதான் ஒரு வாரமா சொல்லிக்கிட்டே இருக்காங்களே."