மெய்யா, நெய்யா என்று கேட்ட முக்காலி

காக்கைக்கு இன்னும் கறுப்பு ஏறாத காலத்திலே, கொக்குக்கு இன்னும் கழுத்து நீளாத காலத்திலே, ஏழு ஆற்றுக்கு அந்தப் பக்கம் எருக்கம்பாடி என்றொரு நாடு இருந்தது. அங்கே ராஜாவுக்குப் பிள்ளை பிறந்தால் அது வெறும் பிள்ளைதான். ஆளப்போகிறவரை ஜனங்கள்தான் கைதூக்கி நிறுத்துவார்கள். நிற்கிறவர் தனக்கொரு துணையாளைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். அவர் அரியணையில், துணையாள் பக்கத்து முக்காலியில். இருவரும் உட்கார்ந்து எழுந்தால் ஆட்சி அவர்களுடையது.

உட்கார்வது சுலபம், எழுவதுதான் பாடு. என்றோ ஒரு மந்திரவாதி, சபையில் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில் அந்த அரியணைக்கு வசியம் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதில் உட்கார்ந்தவர் காதில் திட்டும் வாழ்த்தாக விழும், அழுகையும் பாட்டாக விழும். கேட்கக் கேட்க இனிக்கும். இனிக்க இனிக்கக் கால் கல்லாகும். முக்காலிக்காரர் சொல் ஒன்றுதான் உள்ளது உள்ளபடி காதில் ஏறும். அரியணைக்காரர் கல்லானால் முக்காலிக்காரரும் கூடவே கல்லாவார். மூன்று சோடி ஏறினார்கள். மூன்று சோடியும் சிலையானார்கள்; ஊர் அவர்களை இறக்கிப் படியோரம் வைத்தது.

அதில் மூன்றாவது சிலை மாசிலாமணி. ஓடம் விடுகிற செண்பகவடிவின் கூடப்பிறந்த அண்ணன். அவன் பக்கத்திலே அவனுடைய துணையாள் தாண்டவன், வாயைத் திறந்தபடியே கல்லாகிக் கிடந்தான். கடைசி மூச்சுவரை துதி பாடியிருக்கிறான் பார் என்று ஊர் அவனைக் காறித் துப்பியது.

ஒரு சோடி நல்லபடி எழுந்துவிட்டால் வசியம் உடையும், கல்லானவர் எல்லாம் உயிர்ப்பார்கள் என்பது ஐதீகம். வெள்ளத்தில் ஊரையே ஓடத்தில் ஏற்றிக் கரைசேர்த்தவள் வடிவு. அதனால் ஜனங்கள் அவளுக்குக் கைதூக்கினார்கள். அவள் அண்ணனுக்காகச் சரி என்றாள்.

துணையாளைத் தேட ஒரு வழக்கம் உண்டு. அதற்குக் கைச்சோறு என்று பெயர். நிற்கிறவர் தன் கையால் சமைத்துப் பரிமாற வேண்டும். சாமிக்குப் படைப்பதைப் போல, ருசி பார்க்கக் கூடாது. விருந்தாளி வாய் வைத்த பிறகே சமைத்தவர் வாய் வைக்கலாம்.

ஊருக்கே பெரிய அண்டா செக்காட்டும் இடும்பனிடம்தான் இருந்தது. அவன் வடிவுக்கு எதிராக நின்று தோற்றவன். ‘ஓடம் விடத் தெரிந்தவளுக்கு நாடு விடத் தெரியுமா’ என்று தெருத்தெருவாகக் கேட்டவன். ஆனாலும் அண்டாவைக் கொடுத்தான். நசுங்காமல் திரும்பி வரவேண்டும் என்று ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்தான்.

வடிவு குழம்பு வைத்தாள். உப்புப் போட்டாள். மேலத்தெருக்காரர்கள் வந்து வாழ்க என்றார்கள். எழுந்துபோய்க் கும்பிட்டுவிட்டு வந்து உப்புப் போட்டாள். கீழத்தெருக்காரர்கள் வந்து வாழ்க என்றார்கள்; கும்பிட்டுவிட்டு வந்து இன்னொரு பிடி போட்டாள்.

முதலில் உட்கார்ந்தான் பல்லக்குப் பரமன். அவன் கண்ணசைத்தால் ஏழு ஊர் கைதூக்கும். ஒரு வாய் உண்டான், கண்ணில் நீர் கட்டியது, அமிர்தம் என்றான். அடுத்தவர் சொல்லழகர். அவர் பேசினால் பட்ட மரமும் தளிர்விடும். உண்டார், தொண்டை அடைத்தது, தேவாமிர்தம் என்றார். மூன்றாவது ஜோசியர் கோளறிவார். அவர் விழுங்கக்கூட இல்லை. கன்னத்தில் அடக்கியபடியே, இப்படியொரு சுவை உங்கள் ஜாதகத்திலேயே எழுதியிருக்கிறது என்றார்.

வடிவுக்கு உள்ளம் குளிர்ந்தது. ஏழு ஊர் இருக்கிற பரமனையே கூட்டிக்கொள் என்று ஆதரவாளர்கள் காதைக் கடித்தார்கள். அவளும் தலையாட்டப் போனாள்.

அந்த நேரம் பார்த்து இடும்பன் அண்டாவைக் கேட்டு வந்தான். வாசலுக்கு வந்தவனை வெறும் வாயோடு அனுப்பலாமா? வடிவு அவனுக்கும் இலை போட்டாள். அவன் ஒரு வாய் வைத்தான். அப்படியே இலையில் துப்பினான்.

“ஏ தாயி, குழம்பு வச்சியா, கடலைக் காய்ச்சி ஊத்துனியா? இதைத் தின்னுட்டா இந்த மூணு பேரும் சிரிக்கிறாங்க?”

வடிவுக்கு முகம் சிவந்தது. அகப்பையில் எடுத்துத் தன் நாக்கில் வைத்தாள். உச்சி வரைக்கும் கரித்தது. மூன்று பேரையும் பார்த்தாள். மூன்று பேரும் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்கள்.

“இடும்பண்ணே, முக்காலிக்கு நீங்க வரணும்,” என்றாள்.

“நானா? உன்னைத் திட்டுறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதே.”

“அதுக்குத்தான்.”

ஊர் தலையில் அடித்துக்கொண்டது. ஏழு ஊரை விட்டுவிட்டு ஒரு செக்கைப் பிடித்தாளே என்றது. பொழுது சாயுமுன் இருவரும் படியேறினார்கள். அண்ணனின் கல்தோளைத் தொட்டுவிட்டு வடிவு மேலே போனாள். உள்ளதைச் சொல்கிறவனா, நெய் தடவிப் பேசுகிறவனா என்று முக்காலி கரகரத்த குரலில் கேட்டது:

“வருவது யாரு? மெய்யா, நெய்யா?”

“எண்ணெய்,” என்றபடி உட்கார்ந்தான் இடும்பன்.

வடிவும் உட்கார்ந்தாள். கீழே முணுமுணுத்த கூட்டம் அவள் காதில் ஆயிரம் வாழ்த்தாக விழுந்தது. தேனாய் இனித்தது. அண்ணன் மறந்துபோனான், குழம்பு மறந்துபோனது. விரல் கல்லானது, கணுக்கால் கல்லானது, முழங்கால் கல்லானது.

“வடிவு, பல்லைக் காட்டுனது போதும். எல்லாரும் உன்னைத் திட்டுறாங்க. காலைப் பாரு.”

சுருக்கென்றது. இவ்வளவு இனிப்புக்கு நடுவே ஒரு கசப்பு. வாயை மூடு என்று சொல்ல நாக்கு எழுந்தது. அப்போது அந்த நாக்கில் மிச்சமிருந்த உப்புக் கரித்தது. பார்த்தாள். இடுப்பளவு கல்.

“அண்ணே,” என்றாள். “நல்லவேளை சொன்னீங்க. அன்னிக்குக் குழம்புல உப்புன்னு சொன்னதுக்கும் சேர்த்து, உங்களுக்குப் பெரிய நன்றி.”

அந்தச் சொல்லுக்குக் கல் படார் என்று வெடித்தது. அரியணை தூள் தூளானது. முக்காலி மட்டும் பெருமூச்சு விட்டது:

“மெய்யும் வந்திருக்கு, நெய்யும் வந்திருக்கு. மெய் சொன்னவனுக்கு நன்றி சொன்னவள் இப்பத்தான் வந்தாள்.”

படியோரத்துச் சிலைகள் அசைந்தன. திறந்த வாயோடு இருந்த தாண்டவன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்: “…காலைப் பாருங்க ஐயா, உங்க காலைப் பாருங்க!”

மாசிலாமணி தன் காலைப் பார்த்தான். சதையும் ரத்தமுமாக இருந்தது. அன்று சொல்லாத நன்றி இத்தனை வருஷம் பிந்தி அவனுக்கு வந்தது. தாண்டவனைக் கட்டிக்கொண்டு அழுதான். துப்பிய ஊரும் வரிசையில் வந்து அவன் கையைப் பிடித்தது.

அதன் பிறகு அரியணை செய்யவே இல்லை. இன்னொரு முக்காலிதான் செய்து போட்டார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது எல்லா ஊரிலும் உண்டு. உப்பு அதிகம் என்றவரையும் நினைத்தது எருக்கம்பாடி. ஆண்டுதோறும் அதே நாளில் உப்புக் கரிக்கக் கரிக்கக் குழம்பு வைப்பார்கள். வடிவு முதல் வாய் உண்டுவிட்டு இடும்பனைக் கும்பிடுவாள். அவன் மட்டும், “கும்பிடு இருக்கட்டும் தாயி, என் அண்டா எங்கே?” என்பான்.

அவர்கள் அங்கே சுகம், நாம் இங்கே சுகம். கதையில் உப்புக் கூடியிருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள், கோடிப் புண்ணியம்.