முன்பூச்சுக்காரியும் ராயர் முகத்துச் சந்தனமும்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. பின்னால இருக்கிறவங்களும் நகர்ந்து வாங்க. இது உரக்கச் சொல்லுற கதை இல்லை.

ரொம்ப காலத்துக்கு முந்தி தாழையூர்ச் சீமையை மகிபாலன்னு ஒரு ராசா ஆண்டுகிட்டிருந்தார். நல்லவர்தான், ஆனா சந்தேகம் பிடிச்ச மனுசன். தன் நிழல் ரெண்டடி முன்னால போனாக்கூட, "இவன் எதுக்கு எனக்கு முந்திப் போறான்"னு நின்னு பார்ப்பார். ராசா சாப்பிடுமுன்னே ஒருத்தன் தின்னு காட்டுறது எல்லா அரண்மனையிலும் உள்ளதுதான். இவர் அதோட விடலை. தன் முகத்துக்கு வர்ற பூச்சையும் முந்தி ஒருத்தர் பூசிக் காட்டணும்னு சட்டம் போட்டார். அதுக்கு முன்பூச்சுன்னு பேர்.

அந்த வேலை காத்தாயிக்கு. விடிஞ்சதும் பயத்தமாவு அரைப்பாள். தன் கன்னத்தில் தடவிக்கிட்டு, காயுற வரைக்கும் ராசா முன்னால மணை போட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் முகம் சிவக்கலைன்னா ராசா பூசிக்குவார்.

வாசனை அறை அதிகாரி பரிமளராயருக்கு இது பொறுக்கலை. இருபது வருசம் அத்தரும் புனுகும் கொண்டுவந்து குவிச்சவன் நான், ராசா நம்புறதோ அரைக்கிறவள் மூஞ்சியைன்னு ஒரே வயிற்றெரிச்சல். ஒருநாள் வெள்ளிக் கிண்ணத்தில் புதுப் பூச்சோட வந்தார். பாலேடு, வெண்ணெய், பாதாம் எண்ணெய், மேலே குங்குமப்பூ.

"ராசமுகத்துக்கு ஏத்த பூச்சு இது சாமி. பயத்தமாவெல்லாம் குதிரைக்காரனுக்கு ஆகும்."

காத்தாயி மெல்லச் சொன்னாள். "மகாராசா முகம் உச்சிப்பொழுதுக்குள்ள தானா எண்ணெய் வடியுற முகம். அதுக்கு மேலே வெண்ணெயா?"

"உனக்கு அரைக்கத்தான் கூலி, ஆராயறதுக்கு இல்லை" என்றார் ராயர்.

ராசா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "காத்தாயி முன்பூச்சு பூசட்டும். கொண்டுவந்தவர் நீர், நீரும் தினம் பூசும். அப்புறம் நான்."

எட்டாம் நாள் ராசா கண்ணாடி பார்த்தார். மூக்கு, நெற்றி, கன்னம் எல்லாம் கொப்புளம். தொட்டா எரியுது. அரண்மனைக் கதவுகளை அடைக்கச் சொல்லிட்டார்.

"மூணு பேரும் பூசினது ஒரே கிண்ணத்துப் பூச்சு சாமி" என்றார் ராயர். "என் முகம் சுகமா இருக்கு. இவள் முகமும் வழவழன்னு இருக்கு. உங்க முகம் மட்டும் வெந்திருக்கு. நாங்க ரெண்டு பேரும் பூசின பிறகு கிண்ணத்தில் எதையோ கலந்திருக்கா."

ராசா கண் காத்தாயி கைக்குப் போச்சு. "விஷம் எங்கேன்னு உச்சிக்குள்ள சொல்லு. சொல்லலைன்னா அரைச்ச கை உனக்கு இல்லை."

காத்தாயி கண்ணை ராயர் மேலேயே வச்சிருந்தாள். போன வாரம் அவர் நெற்றியில் ஒரு கீற்றுச் சந்தனம். இன்னிக்குக் காதிலிருந்து காது வரைக்கும் விரல் கனத்துக்கு அப்பியிருக்கார். பக்தி கன்னத்துக்கு எப்போ இறங்குச்சு?

"விஷத்தைக் காட்டுறேன் சாமி. மூணு பேரும் பயத்தமாவு போட்டு முகம் கழுவணும். எதையும் பூசக்கூடாது, துடைக்கவும் கூடாது. ரெண்டு நாழிகை சும்மா இருக்கணும். அப்புறம் மெல்லிசுத் துணியால ஒத்தி எடுப்பேன். துணி சொல்லும்."

ராயர் ஒரு அடி பின்னால போனார். "நான் விரதம். பொழுது சாயுமுன்னே சந்தனத்தைக் கழுவினா தெய்வக்குத்தம்."

"எந்தத் தெய்வத்துக்கு?" என்றார் ராசா.

"குலதெய்வத்துக்கு, சாமி."

"போன மாசம் அதே தெய்வத்துக்குக் கெடா வெட்டினேன்னு எனக்குக் கறி அனுப்பினீர். இந்த மாசம் அது சந்தனத்தோட திருப்திப்பட்டுக்கிச்சா? குனியும்."

ராசாவே செம்பெடுத்து ஊத்தினார். சந்தனம் கரைய, ராயர் கன்னமெல்லாம் மொச்சை முளைச்ச மாதிரி கொப்புளம். ராசாவுக்கு இருந்ததைவிட அதிகம்.

"அப்போ உமக்கும் விஷம் வச்சிருக்கா" என்றார் ராசா.

ராயர் உடனே பிடிச்சுக்கிட்டார். "ஆமா சாமி, எனக்கும்தான்."

"அப்போ அதை ஏன் மூடி வச்சீர்?"

ராயர் பயத்தமாவை எடுத்துத் தேய்ச்சுக் கழுவினார். காத்தாயியும் ராசாவும் முகம் கழுவிக்கிட்டாங்க. மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வெறிச்சுக்கிட்டு ரெண்டு நாழிகை உட்கார்ந்தாங்க. மூக்கைத் தொடக் கை எழும்பினாலே ராசா கனைப்பார்.

பிறகு காத்தாயி மூணு துண்டுத் துணியை நெற்றியிலும் மூக்கிலும் ஒத்தி எடுத்து வெளிச்சத்தில் பிடிச்சாள். ராசா துணியில் எண்ணெய் ஊறி அந்தப் பக்கம் தெரிஞ்சது. ராயர் துணியும் அப்படியே. அவள் துணி மட்டும் போனபடியே வந்தது.

"என்னுது வறண்ட முகம் சாமி, எவ்வளவு எண்ணெய் போட்டாலும் குடிச்சிடும். உங்க ரெண்டு பேருதும் ஊற்று முகம். ஊற்றுக்கண்ணில் வெண்ணெயை அப்பினா அடைச்சுக்கிட்டு வீங்கத்தானே செய்யும்? நான் விஷம் கலந்திருந்தா, ராயர் உடனே கூப்பாடு போட்டிருக்க மாட்டாரா? ராயருக்கு இது கொப்புளம் வந்த அன்னிக்கே தெரியும். கொண்டுவந்தது தப்புன்னு சொல்லக் கூசி, என் கையைக் கொடுத்துத் தன் பேரைக் காக்கப் பார்த்தார்."

ராசா ராயர் இடுப்பிலிருந்து வாசனை அறைச் சாவியை உருவி அவள் கையில் வச்சார். "இனி நான் எதைப் பூசுறது?"

"பயத்தமாவு, வெட்டிவேர், ஆவாரம்பூ. காஞ்சதும் கழுவிடுங்க. எண்ணெய், வெண்ணெய் பக்கம் போகாதீங்க."

அவள் அப்பவே அதை அரைச்சுக் கிண்ணத்தில் வழிச்சு வச்சாள். ராசா அம்மிக்கிட்ட வந்து கிண்ணத்தை மோந்து பார்த்தார். சந்தேகம் அவ்வளவு லேசில் போகுமா? "நீ முந்திப் பூசிக் காட்டு."

"அதில்தான் சாமி இத்தனை நாளும் தப்பு நடந்திருக்கு. வறண்ட முகம் ஊற்று முகத்துக்குச் சாட்சி சொல்லாது. உங்க துணி மாதிரியே துணி வந்த முகமா ஒண்ணு வேணும்."

ராசா ரெண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தார். அப்புறம் ராயரைப் பார்த்தார். எட்டு நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சார்.

காத்தாயி தன் பழைய மணையை எடுத்து ராசா முன்னால போட்டாள். ராயரை அதில் உட்காரவச்சு, கிண்ணத்திலிருந்து முதல் பூச்சை அவர் கன்னத்தில் தடவி, "காயுற வரைக்கும் அசையக்கூடாது"ன்னு சொல்லிட்டு, சாவியை முந்தானையில் முடிஞ்சுக்கிட்டு வாசனை அறையைத் திறக்கப் போனாள்.