கிள்ளக்கூடாத செடி

மலைத்தோட்டத்தில் வைத்தியம் பார்த்தவள் தவமணி. அவளிடம் மருந்து கற்றவன் சுடலைமுத்து. சீடன் என்றால் சின்னப் பையன் இல்லை. குருவைவிட மூத்தவன், தலை நரைத்தவன். தேயிலைத் தண்ணீரில் புண் கழுவுவான். எரிகிற கண்ணுக்கு ஒற்றடம் கொடுப்பான். தன் கண்ணைத்தான் அவனால் மூட முடியவில்லை.

ஒருநாள் விடிந்ததும் வந்து நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது.

“தூங்கி எத்தனை நாளாச்சுண்ணே?”

“தெரியலம்மா. பேச்சித்தாயி வாரா.”

பேச்சித்தாயி அவன் பெண்டாட்டி. செத்துச் சில வருஷமாகிறது.

“வந்து?”

“பனிக்குள்ள நின்னு கூப்பிடுறா. முதுகுல கூடை. முகம் மட்டும் தெரியல. ‘இந்தா வாரேன்’னு நானும் சொல்லிர்றேன். இப்படியே போனா நிசமாவே போயிருவேன். அவ வராம இருக்க ஒரு மருந்து குடுங்க.”

“என்ன குடிக்கிறீங்க?”

“தேத்தண்ணிதான்.”

“எந்தச் செடியில கிள்ளுனது?”

“பேச்சித்தாயி செடியிலதாம்மா.”

அந்தத் தோட்டத்தில் ஆளைப் புதைத்தால் மேலே ஒரு தேயிலைக் கன்று நடுவார்கள். அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

“அடப்பாவி அண்ணே!”

“சாயங்காலம் மொட்டையாக் கிள்ளிருதேன். விடிஞ்சா அதே கொழுந்து அங்கேயே நிக்குது. தொட்டா அவ கை மாதிரி சுடுதும்மா.”

தவமணி எழுந்து நடந்தாள். பின்னாலேயே போனான். புதைகாட்டில் பனி இறங்கியிருந்தது. பேச்சித்தாயின் செடி இடுப்பளவில் தட்டையாக நின்றது. பக்கத்தில் இன்னொரு தேயிலை. பல வருஷமாகக் கை படாமல் வளர்ந்து கூரை உயரத்துக்கு மரமாகியிருந்தது. அடியில் வெள்ளைப் பூ கொட்டிக் கிடந்தது.

“இது யாரும்மா?”

“என் மகன்.”

பனிக்குள் கூடை உரசியது.

“ஏங்க…”

அவன் தவமணி பக்கம் திரும்பினான். “உங்களுக்கும் கேக்குதா?”

“கேக்குது.”

அவன் விரல் தானாகக் கொழுந்துக்குப் போனது. பாதியில் நின்றது.

“உங்க பையன் வந்ததே இல்லையாம்மா?”

“வந்தான்” என்றாள் தவமணி. “நான் கிள்ளுன வரைக்கும்.”

சுடலைமுத்து கையை இழுத்து அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டான்.

“ஏங்க…”

இந்தத் தடவை காதோரம் கேட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை.